பள்ளம்

எட்டாம் கம்பத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில்
ஒருநாள் விட்டு ஒருநாள்
விடியலுக்கு முன் ஏதோ ஒரு நேரத்தில்
அலை படுத்துவிடுகிறது.
திரையில் அது ஒரு பள்ளம்.
'தடை. தன்மை தெரியவில்லை' என்று
மாடல் எழுதியிருந்தது.
தன்மை தெரிந்துவர
ஏணியோடு என்னை அனுப்பினார்கள்.

கொருக்குப்பேட்டை, கேட்டுக்கு அந்தப் பக்கம்.
கால்வாயில் வெள்ளம் ஏறுகிறதா என்று பார்க்க நட்ட கம்பங்கள்,
தலைக்கொரு டிபன்பாக்ஸ் அளவுப் பெட்டி.
இராத்திரி முழுக்க ஒன்றோடொன்று பேசும்.
பேச்சு எங்கே மங்கியது, எவ்வளவு நேரம் மங்கியது
என்பதையே படித்துப் படித்து
ஆளானது அந்த மாடல்.

புதுக் கட்டடம் இல்லை. கட்-அவுட் இல்லை.
அந்தத் தெருவில் மரமே இல்லை.
நாலு இருபதுக்கு ஒரு ஹாரன்.
கதவுகள் திறந்தன.
பச்சைக் குடம், ஊதாக் குடம்,
வாய் உடைந்த ஆரஞ்சு,
கயிறு கட்டிய பெயிண்ட் டப்பா,
நைட்டிமேல் துண்டு போட்ட அறுபது பேர்.

உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்.
தண்ணீர் அலையைக் குடித்துவிடும்.
பாலிடெக்னிக்கில் ஒரு மார்க் கேள்வி.
தண்ணீருக்கு நிற்பவர்கள்
தண்ணீராகவே நிற்கிறார்கள் என்று
அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

"இன்னாத்துக்கு ஏணி? கரண்ட்டப் புடுங்கவா?"
ரூபாவதி. ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்.
காதைத் திறந்து வைத்தே தூங்குகிற ஆள்.

லேப்டாப்பை ஏணிப்படியில் வைத்து
பதிவைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன்.
கூட்டம் சேர்வதற்கு முன்பே
எட்டாம் கம்பம் குரலை உயர்த்திவிடுகிறது.
யார் சொன்னது அதற்கு?

ஒன்றாம் கம்பம்.
நீரேற்று நிலைய வாசலில் லாரி குறுக்கிட்டால்
அங்கே ஒரு சின்னப் பள்ளம்.
காலி லாரி பறக்கும், பள்ளம் ஒடுக்கம்.
நிறைந்த லாரி அசைந்து அசைந்து போகும்,
பள்ளம் அகலம்.
அகலமாய் விழுந்த இருபத்திரண்டாம் நிமிடம்
இங்கே கூட்டம்.
கூட்ஸ் வண்டி மறித்தால் இன்னும் பதினொன்று.
அதற்கு லாரி தெரியாது, குடம் தெரியாது,
ரூபாவதியைத் தெரியவே தெரியாது.
வருகிறது என்பது மட்டும் தெரியும்.

"எப்ப வரும்னு டிரைவருக்கே தெரியாதுப்பா."
"கம்பத்துக்குத் தெரியும்," என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
"அப்ப சொல்லச் சொல்லு."

எங்கள் ஒப்பந்தத்தில் வெள்ளம் இருக்கிறது.
குடிநீர் இல்லை.
அவள் நம்பரை ஏணியின் காலில்
ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள்.
அன்றிரவு நாலே நாலு வரி நிரல் எழுதினேன்:
அகலப் பள்ளம் விழுந்தால்
ஒரு மிஸ்டு கால். அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் மேலாளர் கேட்டார்:
"எட்டு-ஒன்பதுல பள்ளம் முன்னாடியே விழுது.
மாடலோட நம்பிக்கை
தொண்ணூத்தி நாலுலேர்ந்து எழுபத்தொண்ணு.
காரணம் என்ன?"
'கிளை ஆட்டம்' என்று அறிக்கை எழுதினேன்.

வியாழக்கிழமை
அகலப் பள்ளம் விழுந்தது, மிஸ்டு கால் போனது.
லாரி பாதி வழியில்
ஏதோ குடோன் பக்கம் திரும்பிவிட்டது.
ஆறு மணிவரை நின்றார்கள்.
திரையில் ஒன்றே முக்கால் மணி நேரப் பள்ளம்;
நான் பார்த்ததிலேயே ஆழமானது.

ரூபாவதி முதல்முறையாகத் திருப்பிக் கூப்பிட்டாள்.
"உன் கம்பம் பொய் சொல்லிடுச்சு."
"பொய் இல்ல. ஒன்றாம் கம்பம் பார்த்ததைச் சொன்னது.
மூன்றாம் கம்பம் தாண்டினதான்னு
நான்தான் கேட்கவில்லை."

ஐந்தாவது வரி சேர்த்தேன்.
இனிமேல் மூன்றைத் தாண்டிய பிறகுதான் மணி அடிக்கும்.
பதினாலு நிமிடம்தான் கிடைக்கும் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் ஒரு குழந்தை இருமியது.
"போதும். பல்லு வெளக்கிட்டு வருவேன்," என்றாள்.